நாற்பத்து மூன்று பாஸ்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போன் செய்தால் சார்ஜ் இல்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொன்னார்களே, எடுத்தாயா? மார்பகப் புற்று திரும்பாமல் இருக்க உனக்குப் போடும் அதே ஊசி இதயத்தைத் தளர வைக்கலாம். தினமும் இருபது பேருக்கு எக்கோ எடுக்கிறேன். சொந்த அக்காவிடம் எக்கோவில் வந்த ஓர் எண்ணை வாங்க முடியவில்லை. கேட்டால் கிணற்றில் போட்ட கல்லாக இருக்கிறாய்.

எரிச்சலுடன்,
தம்பி

ஜூன் 9

என் முன்கோபித் தம்பிக்கு,

எடுத்தாயிற்று. முதலில் 62, பிறகு 55, இப்போது 43 சதவீதம். முப்பது வருஷம் கணக்குப் பேப்பர் திருத்தியவள் நான். முப்பத்தைந்துக்கு மேல் எடுத்தால் பாஸ். டாக்டர் ரிப்போர்ட் கேட்டார். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன், ஊசியைப் போட்டுவிட்டார். நீ முதலில் வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 13

அக்கா,

உன் கடிதத்தை எக்கோ அறையிலேயே படித்து, ஜெல் கையோடு தலையில் அடித்துக்கொண்டேன். படுத்திருந்த பெரியவர் வெலவெலத்துப்போய், "என் இதயம் அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றார்.

யார் இதயமும் நூறு வாங்காது. இதயத்தில் நிறைந்த ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். அறுபது இருந்தாலே நல்ல இதயம். கணக்கு டீச்சருக்கு அது இறங்கிக்கொண்டே வருவது கண்ணில் படவில்லையா? யார் காதில் பூச் சுற்றுகிறாய்?

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ஒரே வார்த்தையில் எழுது.

தம்பி

ஜூன் 18

தம்பி,

ஆமாம். பாதி மாடியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் நடிக்கிறேன்.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்டா. ரிப்போர்ட்டைக் காட்டினால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். என்னோடு ஊசி போட்டுக்கொண்ட தையல்காரிக்கு நிறுத்தினார்கள், நோய் திரும்பிவிட்டது. இதயம் நின்றால் ஒரே நாளில் முடிந்துவிடும். புற்று திரும்பி வந்தால் இன்னொரு தடவை தாங்க எனக்குத் தெம்பில்லை. பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே. உன்னை நம்பித்தான் எழுதுகிறேன்.

அக்கா

ஜூன் 21

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். இன்று காலை உன் டாக்டருக்கு நானே போன் செய்தேன். ஊசியைச் சில வாரம் நிறுத்தி, இதயத்துக்கு மாத்திரை கொடுத்து, மறுபடி எக்கோ பார்ப்பார்களாம். எண் ஏறினால் ஊசி தொடருமாம். ஏறுமா என்று கேட்டேன். பலருக்கு ஏறுகிறது என்றார். உனக்கு ஏறும் என்று சொல்லவில்லை. எனக்கும் பயம்தான். செவ்வாய்க்கிழமை உன்னை வரச் சொன்னார். நானும் வருகிறேன்.

நான் செய்தது நம்பிக்கைத் துரோகம்தான். வாய் வலிக்கத் திட்டு. இந்த ஜென்மத்தில் என் முகத்தில் விழிக்காதே. என்னோடு பேசாமல் இரு. ஆனால் இரு, அக்கா.

தம்பி