ஒதுக்கிய சீட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

புள்ளியியல் வகுப்பில் ஒரு கூத்து. சராசரி பழகுவதற்காக, முந்தைய நாள் எத்தனை பேரிடம் பேசினோம் என்று ஆளுக்கொரு சீட்டில் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்தோம். பேராசிரியை ஒரு சீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"பூஜ்யமா? அப்படிகூட யாராவது இருப்பாங்களா? தப்பா எழுதியிருக்காங்க" என்று அதை ஒதுக்கினார். சராசரி உடனே ஏறியது. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

பழைய போர்வை ஒன்று அனுப்பு. திங்கட்கிழமை மறுபடியும் சீட்டு எழுத வேண்டும். நானாகக் கூப்பிட்டால் என்னவோ ஏதோ என்று பதறுவாய். ஞாயிற்றுக்கிழமை நீயே போன் பண்ணு. சீட்டில் 'ஒன்று' என்றாவது எழுதிக்கொள்கிறேன்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்