பள்ளத்தாக்குக் காளைக்கு ஒரு குட்டைத் துப்பாக்கி

அன்புள்ள கோராவுக்கு,

நீ கேட்காமலே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். போனில் என்றால் பாதிதான் சொல்வேன், அதனால் இதை எழுதிப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்தப் பண்ணைக்கு வந்தபின் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. உன்னைவிட ஏழு வயதுதான் மூத்தவள், அம்மா என்று கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. ஜெர்மனியில் குளிர் உன்னை அதிகம் படுத்தாமல், வேலைக்கும் தூக்கத்துக்கும் குறையில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அப்பா உயிரோடு இருக்கிறார், அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. ஃபீனிக்ஸில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கோராவுக்குச் சொன்னே, எந்திரிச்சு வந்து உன்ன உதைப்பேன் என்றார். அவரால் இப்போது எழுந்திருக்கவே முடியாது என்பதால்தான் எனக்கு இந்தத் தைரியம்.

கீழ்ப் பள்ளத்தாக்கில் திரியும் அந்தக் கறுப்புக் காளையைப் பற்றிப் போன கோடையிலேயே அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். அடையாளச் சூடு போடாத, காது வெட்டாத, எந்த வேலிக்கும் சொந்தமில்லாத மாடு. மற்றக் காட்டு மாடுகளைப் போலக் கயிறு போட்டு மரத்தில் கட்டி, வெறி அடங்கியபின் நடத்திக்கொண்டு வரலாம் என்று பக்கத்துப் பண்ணை ஹாய்ட்டும் அப்பாவும் முயன்றார்கள். அது ஹாய்ட்டின் குதிரையை ஊற்றடியில் வயிற்றில் குத்தி, குடல் பாறைமேல் தொங்கத் தொங்க ஓடவிட்டது. குதிரையை ஹாய்ட்டே சுட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் அதைச் சுட்டுவிடுவதென்று முடிவானது. அப்பாவும் ஹாய்ட்டும் போனார்கள், கோவேறு கழுதையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். மேட்டிலிருந்து எதிர்ச்சரிவில் அதைக் கண்டோம். வேறு யாருடைய சூடாவது அதன் தொடையில் இருக்கிறதா என்று பார்க்க அப்பா தன் நீளத் துப்பாக்கியின் மேலிருந்த ஸ்கோப்பை, குறி பார்க்கும் அந்தக் கண்ணாடியை, கடைசிவரை திருகிப் பெரிதாக்கினார். இந்த ஊரில் எல்லாரும் செய்கிற காரியம்தான், பைனாகுலரைப் பையிலிருந்து எடுக்கச் சோம்பல். சூடு இல்லை. சரி வாங்க, கிட்டப் போவோம் என்று கருவாலிப் புதருக்குள் இறங்கினார். திருகியதைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார்.

நாங்கள் அதைத் தேடிப் பிடிக்கும் முன்பே கோரா, அது எங்களைத் தேடி வந்தது. புதர் ஒடியும் சத்தம் கேட்டதும் அப்பா துப்பாக்கியைத் தூக்கிவிட்டார், அவர் கை எவ்வளவு வேகம் என்று உனக்குத் தெரியும். ஆனால் பெரிதாக்கியபடியே இருந்த ஸ்கோப்பில் தலையும் தெரியவில்லை, தோளும் தெரியவில்லை, ஒரே கறுப்பு மயிர். அதைத்தான் சுட்டார், குண்டு பின்னிடுப்பில் போயிற்று. காளை அவர் தொடையைக் கொம்பில் கோத்துத் தூக்கி எறிந்தது, விழுந்தவர்மேல் முன்முட்டியை ஊன்றி அரைத்தது. விலா முறியும் சத்தம் எனக்குக் கேட்டது, அது இன்னும் கேட்கிறது. நம் நாய் டிக் அதன் மூக்கைக் கவ்வியது, காளை அதைப் பாறையோடு சேர்த்து ஒரே நசுக்கு, டிக் கத்தக்கூட இல்லை. நான் விழுந்து கிடந்த துப்பாக்கியை எடுத்தேன். எனக்கும் ஸ்கோப்பில் மயிர்தான் தெரிந்தது. கண்ணை எடுத்துவிட்டுக் குழலை மட்டும் நீட்டிச் சுட்டேன். ஒரு கொம்பு பாதியில் வெடித்து அதன் முகமெல்லாம் ரத்தம், திரும்பிப் புதருக்குள் போய்விட்டது. பின்னால் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்த ஹாய்ட் தன் பெல்ட்டை அவிழ்த்து அப்பாவின் தொடையை இறுக்கிக் கட்டினார், ஹெலிகாப்டர் வந்தது. மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். விழுந்ததில் நொறுங்கிய இடது கை பழையபடி வருமா என்று டாக்டர்கள் சொல்லவில்லை.

அவர் கண் விழித்ததும் என்ன கேட்டார் தெரியுமா. மாடு செத்துச்சா என்றார். இல்லை என்றேன். நான் அரைகுறையாச் சுட்ட மாடு, நான்தான் முடிக்கணும், குண்டோட அத அலையவிட்டுட்டு நான் இங்க மெத்தையில படுத்துக் கிடக்கவா, வீட்டுக்கு வந்த மறுநாளே போறேன் என்றார். கையே தூக்க முடியலையேங்க என்றேன். இன்னொரு கை எதுக்கு இருக்கு என்றார். சொன்னால் செய்கிறவர். அந்தக் காளையோ ஊற்றடியை விட்டு நகர மறுக்கிறது, நம் பசுக்கள் தாகத்தில் வேலியோரம் நின்று கத்துகின்றன. அடுத்த வாரக் கடைசியில் அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். அதற்குள் அந்தக் காளை செத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் சாவார். ஹாய்ட்டுக்கு ஏற்கெனவே ஆபரேஷனில் முட்டி மாற்றிய கால், அன்று இறங்கி ஏறியதில் வீங்கிவிட்டது, இனி மேடுவரைதான் வர முடியும். அதனால் நான் இறங்குகிறேன்.

இதைச் சொன்னதும் ஹாய்ட் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். ஏம்மா காலேஜு, புல்லப் பத்தியும் மண்ணப் பத்தியும் நாலு வருசம் படிச்சியே, காளையச் சுடுறதுக்கு ஏதாச்சும் பாடம் வச்சிருந்தாங்களா என்றார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதில் அவருக்கு என்னைவிடப் பெருமை, அதனால்தான் கேலி. அவர் பட்டறையில் இரண்டு வீட்டுத் துப்பாக்கிகளையும் பரப்பினோம். முதலில் தன் பெரிய துப்பாக்கியைக் கொடுத்தார், யானையையே சாய்க்குமாம். ஒரே வெடியில் என் தோள் கத்தரிக்காய் நிறமானது, அடுத்த வெடிக்கு நான் விசையைத் தொடும் முன்பே கண்ணை மூடிக்கொண்டேன். இது மாட்டக் கொல்லுதோ இல்லையோ உன்னக் கொன்னுடும் என்று பிடுங்கிக்கொண்டார். அப்பாவுடையது புதருக்குள் நுழையும்போதே கிளைக்குக் கிளை குழல் மாட்டும். சேணத்தில் தொங்கும் பழையதன் தோட்டா அந்த எலும்புக்குப் போதாது. மிச்சம் இருந்தது உன் அம்மா ரொவீனாவின் குட்டைத் துப்பாக்கி. குழல் கட்டை, எடை குறைவு, மானுக்கும் காளைக்கும் போதுமான தோட்டா, தோட்டா ஏற்றும் தாழை இழுத்துத் தள்ளினால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

ஹாய்ட் அதில் சின்ன ஸ்கோப் ஒன்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைக்காமல் முன்னால் குழல்மேல் பொருத்தினார். பெரிதாக்கும் திருகே அதில் இல்லை. இரண்டு கண்ணையும் திறந்தே பார்க்கலாம், ஒரு கண்ணில் குறி, மறு கண்ணில் உலகம் முழுக்க. அது உடைந்தால் பின்னால் இரும்பு வளையக் குறி இருக்கிறது. துப்பாக்கியின் தோள்வாரை முழங்கைக்கு மேல் சுற்றி இறுக்கினால் கை ஆடுவதில்லை. பிறகு காளைக்குப் பதிலாக ஒரு லாரி டயரின் நடுவில் அட்டையைச் செருகி மேட்டிலிருந்து என்மேல் உருட்டிவிட்டார். முதல் டயர் என்னைத் தாண்டிப் போய் அவருடைய கோழிக்கூண்டை உடைத்தது. காளை சாகுதோ இல்லையோ, நாளைக்குக் கோழிக் குழம்பு என்றார். சாயங்காலத்துக்குள் அட்டை கந்தலாகிவிட்டது. நன்றாகச் சுடுகிறேன் கோரா, இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, நீ பயப்படாமல் இருக்கச் சொல்கிறேன்.

டிக்கை உன் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்து ஜூனிபர் மரத்தடியில் புதைத்தோம். உன் கம்பளிச் சட்டையைப் பூச்சி அரிக்காமல் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து தனியாக நடந்து போகாதே. அப்பாவிடம் நீயாகப் பேசுகிற மாதிரிப் பேசு, நான் எழுதியது தெரிய வேண்டாம். ஆசீர்வாதம் செய்ய எனக்கு வயது போதாது, ஆனாலும் காலையும் மாலையும் கன்னி மாதாவிடம் என் தங்கைகள் பெயரைச் சொல்லும்போது உன் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவள் உன்னைக் கைவிடமாட்டாள்.

இவ்வளவு எழுதியும் கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. உன் அம்மா உயரமானவள், நான் குட்டை. துப்பாக்கியைத் தோளில் வைக்கும் அடிக்கட்டை எனக்கு ஒரு விரல்கடை அதிக நீளம். தூக்கும்போதெல்லாம் அக்குளில் சட்டையில் மாட்டுகிறது. டயர் வரும்போது மாட்டினால் ஹாய்ட் சிரிப்பார், காளை வரும்போது மாட்டினால் மறுபடி தூக்க நேரம் இருக்காது. வெட்டிடலாம்மா என்று ரம்பத்தை எடுத்துவிட்டார், நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்ட வேண்டிய இடத்தில் நீ பிறந்தபோது உன் அம்மா கத்தி முனையால் செதுக்கிய உன் பெயர் இருக்கிறது. ரம்பம் எழுத்துகளின் நடுவில்தான் போகும், தள்ளி வெட்ட வழியில்லை. அம்மாவுக்குப் பின் துப்பாக்கி உன்னுடையது, பெயரும் உன்னுடையது. வெட்டட்டுமா என்று ஒரு வார்த்தை சொல். வேண்டாம் என்றால் வெட்டாமலே எடுத்துக்கொண்டு இறங்குகிறேன், அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் வராது. போகாதே என்று மட்டும் சொல்லாதே.

யெசெனியா