இரண்டாவது வெடிப்பு

மார்ச் 5

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்குவது என் வழக்கம். உன் தொண்டையில் இருப்பது என்னவென்று நீயே எழுதிவிட்ட பிறகு அந்த வரிக்கு இடமில்லை. தாளின் விளிம்புவரை எழுதியிருக்கிறாய். ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட வேண்டும் என்று கான்வென்ட்டில் நம் இருவருக்கும் ஒரே மதர்தான் சொல்லிக்கொடுத்தார். எனக்கு ஒட்டியது உனக்கு ஒட்டவில்லை.

குரல் தேய்ந்துவிட்டதால் போனில் பேச முடியவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறாய். வருத்தம் வேண்டாம். நானும் போனைத் தொட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போதெல்லாம் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. எல்லாரும் முணுமுணுக்கிறார்கள்.

27ஆம் தேதி வயிற்றில் குழாய் வைத்துவிடுவார்கள், அதன் பிறகு வாய் வழியாக ஒன்றும் கிடையாது என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் என்னிடம் இரண்டு கேட்கிறாய். ஒன்று, உன் அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அடுப்பில் வறுத்த காப்பி. இன்னொன்று, பதினோரு ஆண்டுகளுக்கு முன் உன்னை ஏன் வீட்டைவிட்டு அனுப்பினேன் என்பது.

முதலாவதைச் செய்கிறேன். தானியக் கடையில் வறுக்காத பச்சைக் கொட்டை ஒரு கிலோ கிடைத்தது. அவருடைய நோட்டில் ஒரு பக்கமும் கிடைத்தது. அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் மெஷின்களோடு இருந்தவர், கையெழுத்தும் அச்சு மாதிரியே இருக்கிறது:

‘இரும்பு வாணலி. ஒரு தடவைக்கு நூறு கிராம். மிதமான தீ. கிளறும் கை நிற்கக் கூடாது. முதல் வெடிப்பு, சோளம் பொரிகிற மாதிரி. பிறகு அமைதி. இரண்டாவது வெடிப்பு மெல்லிசு, காய்ந்த சருகை மிதிக்கிற மாதிரி. அது தொடங்கியதும் இறக்கு. சல்லடையில் கொட்டி விசிறு.’

இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அடுப்படி அவருடையது என்பதால் நான் இதுவரை வறுத்ததில்லை. ஆனால் எழுதியிருப்பதைப் படித்து அப்படியே செய்ய எனக்குத் தெரியும். இத்துடன் ஒரு பொட்டலம் இருக்கிறது. காற்றுப் புகாமல் நான்கு பக்கமும் ஒட்டியிருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி பழைய விஷயம். கிளற வேண்டாம். அவர் இறந்தபோது உனக்கு ஏன் எழுதவில்லை என்று நீ கேட்காமல் விட்டதற்கு நன்றி.

இப்படிக்கு,
உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள இன்ஸ்பெக்டரம்மா,

பார், இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறேன். ஆளைப் படுக்கையில் போட்ட பிறகும் மார்க் குறைக்க டீச்சரான உன்னால்தான் முடியும்.

பொட்டலம் தலையணை மாதிரி உப்பி, ஒரு பக்கம் பிளந்து வந்து சேர்ந்தது. எதிர்வீட்டுத் தையல்காரி எட்ட நின்று குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டாள். வறுத்த கொட்டை மூச்சு விடும், அக்கா. ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் பொட்டலம் கட்ட வேண்டும், குடிக்கவும் வேண்டும். அத்தான் அதை எழுதாமல் விட்டிருக்கிறார்.

உள்ளே இருந்தது கரி. நாக்கில் விட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாசத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு நாளைக்கு இரண்டு ஸ்பூன்தான் உள்ளே இறங்குகிறது. அதில் ஒன்றை உன் கரிக்குக் கொடுத்தேன்.

நான் கேட்டது அது இல்லை. கறுப்புக்கு ஒரு படி முன்னால், கொட்டைமேல் எண்ணெய் லேசாக மினுங்கத் தொடங்குமே, அந்தக் காப்பி. உன் வீட்டில் இருந்த நாலு வருஷமும் அதைக் குடித்துவிட்டுத்தான் திங்கட்கிழமை தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்காருவேன்.

ஒரு திங்கட்கிழமை வேலை முடிந்து திரும்பினால் என் பெட்டி வாசலில் இருந்தது. “வீட்டுக்கு வெள்ளையடிக்கணும், ரூம் வேணும்”னு கதவிடுக்கு வழியாகச் சொன்னாய். பதினோரு வருஷமாகவா வெள்ளையடிக்கிறாய்?

உன் பழைய
வாலு


மார்ச் 13

அன்புள்ள தங்கைக்கு,

முடியவில்லை. இந்தச் சொல்லை என் மாணவிகள் எழுதினால் சிவப்பு மையில் அடித்துவிடுவேன். இப்போது நானே எழுதுகிறேன்.

வாணலியில் மூன்று முறை வறுத்தேன். மூன்றும் கரி. அதன் பிறகு ஓவனில் ஓட்டைத் தட்டு வைத்துப் பரப்பினேன். ஓரத்தில் இருந்தவை கறுத்தன, நடுவில் இருந்தவை பச்சை மாறவில்லை. கீழ்வீட்டு நர்ஸ் பாப்கார்ன் மெஷினைக் கொடுத்தாள். கொட்டையின் தோல் அத்தனையும் பறந்து திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டது. மெஷினின் மூடியும் உருகிவிட்டது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. முடியைக் காயவைக்கும் டிரையரைக்கூடச் சல்லடையின் மேல் பிடித்துப் பார்த்தேன். கை மரத்துப் போனது, கொட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வயதுக்கு இதையெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது.

உன் அத்தான் எழுதியதில்தான் பிழை. முதல் வெடிப்பு வருகிறது, அவர் சொன்ன மாதிரியே. பிறகு அமைதி. நான் கிளறிக்கொண்டே காத்திருக்கிறேன். அமைதி. இன்னும் அமைதி. பிறகு புகை. இரண்டாவது வெடிப்பு என்று ஒன்று வருவதே இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். நீ குடித்த காப்பி எனக்கும் நினைவிருக்கிறது. நீ போன அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் வறுத்ததெல்லாம் கரிதான். சாகும்வரை எட்டு ஆண்டுகள் அப்படித்தான் வறுத்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். அதை எழுத மாட்டேன்.

ஓவனில் வறுத்ததில் நல்லதாகப் பொறுக்கி, ஒரு நாள் ஆறவிட்டு, பொட்டலத்தில் ஊசியால் ஒரு துளை போட்டு அனுப்பியிருக்கிறேன். பச்சைக் கொட்டை இனி முந்நூறு கிராம்தான். கடையில் அடுத்த மூட்டை அடுத்த மாதம்தான் வருமாம். அடுத்த மாதம் எனக்கு எதற்கு?

குடித்தாயா என்று உடனே எழுது.

அக்கா


மார்ச் 17

அக்கா,

கோணல் எழுத்துக்கு மன்னித்துக்கொள். கை நடுங்குகிறது.

குடித்தேன். பாதி புல் ருசி, பாதி ரொட்டி ருசி. இப்போது ஒரு ஸ்பூன்தான் இறங்குகிறது. இன்னும் பத்து நாள்.

எனக்கு வேண்டியது காப்பி மட்டும்தானா என்று யோசித்துப் பார்த்தேன். நீ ஹாலில் சிவப்பு மையோடு பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பாய். நானும் அத்தானும் அடுப்படியில். புகை உன் பக்கம் வந்தால் “கதவைச் சாத்துங்கோ!” என்று கத்துவாய். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். அது ஒரு ஸ்பூனில் வருமா என்று பார்க்கிறேன்.

அக்கா, நான் என்ன செய்தேன்? உன் பீங்கான் கோப்பையை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டேனே, அதுவா? உன் பேனாவின் நிப்பை வளைத்தேனே, அதுவா? இத்தனை வருஷமாகத் தேடுகிறேன். என்ன தப்பு என்று தெரியாமல் போவது, எழுதின பரீட்சையின் தாள் திரும்பி வராத மாதிரி இருக்கிறது. உனக்கு இது புரியும்.

வாலு


மார்ச் 21

என் அன்புள்ள தங்கைக்கு,

இன்று காலை நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மீண்டும் வாணலியில் நூறு கிராம் போட்டேன். முதல் வெடிப்பு வந்தது. அமைதியானது. நான் குனிந்து கேட்டுக்கொண்டே கிளறினேன். திடீரென்று என் தோளில் ஒரு கை விழுந்தது. கீழ்வீட்டு நர்ஸ். அவசரத்துக்கு என்று அவளிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன்.

“எவ்வளவு நேரமா பெல் அடிக்கிறேன்! மெஷினை வாங்கிட்டுப் போலாம்னு வந்தா, உள்ளே ஒரே புகை. பயந்தே போயிட்டேன்!”

“பெல் ரிப்பேர்” என்றேன்.

“பெல் நல்லாத்தாம்மா இருக்கு. தெரு வரைக்கும் கேக்குது.”

“சரி, பேசாதே. இரண்டாவது வெடிப்புக்குக் காத்திருக்கிறேன்.”

அவள் வாணலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள், முணுமுணுப்பாக. “வாயைத் திறந்து பேசு” என்றேன். அவள் என் தோளைப் பிடித்து இழுத்து, என் காதோடு வாய் வைத்துச் சொன்னாள்: “வெடிச்சிட்டிருக்கும்மா. சடசடன்னு. உங்களுக்குக் கேக்கலையா? இறக்குங்க!”

அடுப்புக்கு எதிரே பாத்திர அலமாரியின் கண்ணாடிக் கதவு இருக்கிறதே, உனக்குத் தெரியும். அதில் எங்கள் இருவரையும் பார்த்தேன். வாணலிக்கு மேல் குனிந்த இரண்டு தலைகள். ஒருத்தியின் கை இன்னொருத்தியின் தோளில். காதோடு வாய்.

இந்தக் காட்சியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது, அடுப்படி வாசலில் நின்று. உன் கை அவர் தோளில். உன் வாய் அவர் காதில். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். என்னோடு அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. நான் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போய் மிச்சத் தாள்களைத் திருத்தினேன். மறுநாள் உன் பெட்டியை வாசலில் வைத்தேன்.

இதுதான் காரணம். உன் தாளில் ஒரு தப்பும் இல்லை.

வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கினவள் நான். அன்று ஒரு கேள்வி கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை, அவரிடமும் கேட்கவில்லை. நீ போன பிறகு அவர் கரியாக வறுத்தார். உன்னை நினைத்து ஏங்குகிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கசப்பை நீ என்று நினைத்தே விழுங்கினேன்.

அவருக்குக் காது கேட்கவில்லை, இல்லையா? அச்சக மெஷின்கள் தின்ற காது. என்னுடையது வகுப்பறைக் குரல், அது மட்டும் எட்டியிருக்கும். அதனால்தான் நான் கண்டுபிடிக்கவில்லை. மெதுவாக நான் சொன்ன எதற்கும் அவர் பதில் சொன்னதில்லை. திமிர் என்று நினைத்து, மெதுவாகப் பேசுவதையே விட்டுவிட்டேன். அந்தச் சின்ன வெடிப்பை அவருக்கு நீதான் கேட்டுச் சொல்லியிருக்கிறாய். உனக்குப் பிறகு சொல்ல ஆளில்லை. இப்போது எனக்கும் கேட்கவில்லை. அவர் எழுதியதில் பிழை இல்லை.

இறக்குங்க என்று நர்ஸ் இரண்டு முறை கத்தினாள். நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நூறு கிராமும் கருகிவிட்டது. உனக்கு அனுப்ப ஒன்றும் இல்லை. இருநூறு கிராம் பச்சைக் கொட்டை மிச்சம் இருக்கிறது. நர்ஸை மறுபடி கூப்பிடலாம். எனக்கு வேறொருத்தியின் காது வேண்டாம்.

செய்த தப்புக்கு ‘மன்னிக்கவும்’ என்று பிள்ளைகளை நூறு முறை எழுத வைத்திருக்கிறேன். ஒரு முறை எழுதுவதற்கு எனக்கு இன்று காலையிலிருந்து மாலை ஆகிவிட்டது. மன்னித்துவிடு.

25ஆம் தேதி பதினோரு மணி வண்டிக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறேன். வராதே என்றால் ஒரு வரி எழுது. அதை மதிப்பேன். கடிதம் வராவிட்டாலும் வராதே என்றே எடுத்துக்கொள்வேன். கேட்காமல் ஒரு முடிவு செய்தது ஒரு முறை போதும்.

உன்
அக்கா


மார்ச் 23

அக்காவுக்கு,

(எழுதுவது எதிர்வீட்டுத் தையல்காரி. உங்கள் தங்கையின் வாயருகே காதை வைத்துக் கேட்டு எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூட மாற்றக் கூடாது என்று உத்தரவு.)

இதை நாலு மணித் தபால் கட்டுல போடச் சொல்லியிருக்கேன். நான் முத்திரை குத்தின ஆபீஸ்தான். இருபத்தஞ்சு காலைல ஒன்பது மணிக்கு உன் கையில இருக்கும். இல்லேன்னா அங்க இருக்கிறவங்களை நான் சும்மா விடமாட்டேன்.

ஆமா. அத்தானுக்குக் காது போயிடுச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். அன்னிக்கு நான் அவர் காதுல சொன்னது என்னன்னு நல்லா ஞாபகம் இருக்கு. “இப்போ இறக்குங்க அத்தான். அக்காகிட்ட சொல்லிட்டா நான் எதுக்கு, அவளே கேட்டுச் சொல்லுவாளே”ன்னேன். “வேணாம்மா, தெரிஞ்சா என் காதுக்கும் சிவப்பு மையில மார்க் போட்டுடுவா”ன்னு சிரிச்சார். நீ பாத்தது அந்தச் சிரிப்புதான். உன்னைப் பத்தித்தான் சிரிச்சோம்.

உன்னை மன்னிச்சேனான்னு கேக்காதே. பதினோரு வருஷத்தை நாலு நாள்ல மன்னிக்க எனக்குத் தெம்பு இல்ல. அவர் போனதைக்கூட எவனோ கவுண்டர்ல ஸ்டாம்ப் வாங்கிட்டே சொன்னான். அதைக் கேக்கலைன்னு நன்றி வேற சொல்றே.

வா.

இரும்பு வாணலியை எடுத்துட்டு வா, இங்க இருக்கிறது அலுமினியம். இருபத்தஞ்சு சாயங்காலம் வறுத்தா இருபத்தாறு சாயங்காலம் குடிக்கலாம். ஒரு ஸ்பூன் எறங்கும். அடுத்த நாள் குழாய். கணக்கு சரியா இருக்கு, வண்டியை மட்டும் விட்டுடாதே.

அடுப்பு என் கட்டில்லேர்ந்து எட்டடி. தொண்டை போச்சு, கை போச்சு, காது மட்டும் அப்படியே இருக்கு. ஆனா என் குரல் உனக்கு எட்டாது. அதனால வாணலியைப் பாக்காதே. என் விரலைப் பாரு. அந்தச் சின்ன சத்தம் ஆரம்பிச்சதும் தூக்குவேன்.

தூக்கினா உடனே இறக்கிடு, அக்கா. இந்தத் தடவை பாத்துட்டே நிக்காதே.

வாலு