வெள்ளைக்கு மை கிடையாது

ஜூன் 3, செவ்வாய்

இன்று எட்டு வரி எழுதுவதென்று முடிவு. நேற்று ஆறு. எழுபத்தொரு வயதில் பேனா பிடித்தவனுக்கு இதுவே ஓட்டம். "காபி ஆறுது, வார்த்தைக்கு ஒரு வாய் குடிங்க" என்கிறாள் வீட்டுக்காரி. சிரிக்கட்டும். நாற்பது வருஷம் அச்சகத்தில் மெஷின் ஓட்டினேன். எத்தனை லட்சம் பக்கமோ! ஒன்றையும் படித்ததில்லை. இப்போது படிக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

அதே அச்சகத்தில் மருமகள் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிறாள். முதலாளி அவளை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் புத்தகம் இது. குழந்தைகளுக்கு, வானத்தைப் பற்றி. பக்கமெல்லாம் இருட்டு. இது சரியாக வந்தால்தான் அடுத்தது அவள் கைக்கு வரும்.

இன்று போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாமா, கறுப்பு நல்லா வருமா?" என்றாள். மை என்றால் நான் ராஜா. பெரிய படத்தில் வெறும் கறுப்பு சாம்பலாகத்தான் விழும், அடியில் கொஞ்சம் நீலம் கொடு என்றேன். இன்னொன்றும் சொன்னேன். மஞ்சள் நிலாமேல் எழுத்து வந்தால், எழுத்துக்காக மஞ்சளில் மை படாத ஓட்டை விடாதே. காகிதம் மயிரிழை நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளை பல்லிளிக்கும். மேலேயே அடிக்க விடு. "அதான் மாமா ஓவர்பிரிண்ட். ஒரு டிக் போட்டா போதும்" என்றாள்.

திரையில் ஒரு இருட்டுப் பக்கம். கீழே வெள்ளையாக ஒரே வரி. யார் உதவியும் இல்லாமல் படித்தேன்: "இந்த நட்சத்திரத்துக்கு இன்னும் பெயர் இல்லை."

கை வலிக்கிறது. வலிக்கட்டும்.

ஜூன் 9, திங்கள்

மாதிரித் தாள்கள் வீட்டுக்கு வந்தன. கறுப்பு — அப்பப்பா, கிணறு மாதிரி! முதலாளிக்கும் பிடித்துவிட்டதாம். நாளை அச்சடிக்கப் பிளேட் போடுகிறார்கள்.

என் வரியைத் தேடினேன். இல்லை.

அதே நாள், சாயங்காலம்

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். படம் இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது. வரி இல்லை. அன்னைக்கு நிஜமாவே படிச்சேனா? இல்ல, நானா எதையாவது கூட்டிக்கிட்டேனா? ஏழு மாசப் படிப்புதானே. படிச்சவங்க எல்லாம் பார்த்தாச்சு, இப்ப நான் போய்க் குறை சொல்றதா?

பிறகு இந்த நோட்டைப் பின்னால் திருப்பினேன். ஐந்தாம் தேதி. என் கையெழுத்தில் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

விடிந்ததும் தாளையும் நோட்டையும் மருமகள் முன் வைத்தேன். பார்த்தாள். "ஐயோ மாமா!" என்று போனை எடுத்தாள். "பிளேட்ட நிறுத்துங்க!"

அன்று நான் கிளம்பிய பிறகு, கறுப்பு எழுத்தோடு சேர்த்து வெள்ளை எழுத்துக்கும் அந்த ஓவர்பிரிண்ட் டிக்கைப் போட்டிருக்கிறாள். வெள்ளைக்கு ஏது மை? காகிதம்தானே வெள்ளை. கறுப்பில் ஓட்டை விட்டால்தான் எழுத்து. மொத்தம் ஒன்பது பக்கங்களில் வரி காணோம். வெறும் படம் என்று எல்லோரும் புரட்டிப் போயிருக்கிறார்கள்.

பாதித் தப்பு என்னுடையது. கறுப்பு எழுத்துக்கு மட்டும் என்று அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அவளிடமும் சொன்னேன். "மீதிப் பாதிய நான் வச்சுக்கறேன்" என்றாள். கண் கலங்கிச் சிரித்தாள்.

ஜூலை 2, புதன்

புத்தகம் வந்தது. பதினான்காம் பக்கம். வரி இருக்கிறது! வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் காபிதான் ஆறிப்போனது.

ஜூலை 7, திங்கள்

மருமகளுக்கு அடுத்த புத்தகம் கொடுத்துவிட்டார்கள். மாதிரித் தாள் என் மேஜைக்கு வந்திருக்கிறது. நூற்றுப்பன்னிரண்டு பக்கம். "நான் எழுத்துக் கூட்டித்தாம்மா படிப்பேன். ரொம்ப நாளாகும்" என்றேன்.

"வேகமாப் படிக்கிறவங்க அங்க நிறைய பேர் இருக்காங்க, மாமா" என்றாள்.

முதல் பக்கத்தில் இருக்கிறேன்.