நடுத்தடுப்பு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறபடி இருக்கிறோம், நீ அந்தத் தூர தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொண்டால் எங்களுக்கு அதுவே போதும். ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். அன்றைக்கு நீ பரீட்சை எப்படி என்று கேட்டதும் என் வாய் தானாக நல்லாப் போச்சுப்பா என்று சொல்லிவிட்டது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது பொய். நான் தேறவில்லை. எழுதும்போது எனக்குப் பொய் வராது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். கை வலிக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எங்கள் பயிற்சிக் கூடத்துக்கு லேசர் மெஷினும் ஸ்டிக்கர் வெட்டும் மெஷினும் வந்ததும், ஸ்டோரில் இருக்கிற நாங்கள் மூன்று பேரும் அதைப் படித்தாக வேண்டும், தேறுகிறவர் இங்கேயே இருக்கலாம், மற்றவர்கள் கிளைக்குப் போக வேண்டும் என்று மேலாளர் சொன்னது உனக்குத் தெரியும். கிளை என்றால் இரண்டு பஸ். காலை ஆறேகாலுக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் வீடு. இங்கே என்றால் மதியம் பத்து நிமிடத்தில் நடந்து வந்து அப்பாவுக்குச் சோறு போட்டு மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். அதற்காகத்தான் இந்த வயதில் பரீட்சை எழுதப் போனேனே தவிர, மெஷின் மேல் ஆசைப்பட்டு இல்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று அப்பாவே கேட்டார். வளையுதோ ஒடியுதோ பார்ப்போம் என்றேன். சொல்லிக்கொடுத்த பெண் உன்னைவிட மூன்று வயது சின்னவள். நல்ல பெண், பொறுமைசாலி, ஆனால் அவள் பேசுகிற வேகத்துக்கு என் காது ஓட வேண்டியிருந்தது. ஸ்டிக்கர் வெட்டிய முதல் நாள், வேண்டாததை உரித்து எடுங்கள் என்றாள், நான் எழுத்தையெல்லாம் அழகாக உரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, சுற்றியிருந்த வெற்றுத் தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஸ்டிக்கர் கைவந்துவிட்டது. கறுப்பு மேல் மஞ்சளாகப் பெரிய எழுத்து வெட்டி வீட்டில் சுவிட்சுக்கெல்லாம் ஒட்டியிருக்கிறேன், அது மட்டும் அப்பா கண்ணுக்கு இன்னும் தெரிகிறது. அப்படியே என் நெத்தியிலயும் புருஷன்னு ஒண்ணு ஒட்டிடு, மறந்துடப் போறே என்கிறார்.

லேசரில்தான் கஷ்டம். ஆணியும் கூடாது, பசையும் கூடாது, பலகையில் காடி என்று ஒரு பிளவு வெட்டி இன்னொரு பலகையைச் சொருகினால் உள்ளங்கையால் ஒரு தட்டில் கப்பென்று பிடித்துக்கொள்ள வேண்டும். லேசர் வெட்டும்போது கோட்டின் அகலத்துக்குப் பலகையைத் தின்றுவிடும், அதற்கும் கணக்குப் பார்த்து அளவு போட வேண்டும். சாண் என்ன முழம் என்ன என்பதெல்லாம் அங்கே நடக்காது, மயிரிழை கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் லொடலொடவென்று ஆடும். பலகை எப்போதும் ஒரே கனத்தில் வராது, அதனால் கம்ப்யூட்டரில் அளவை எண்ணாகப் போடாதீர்கள், கனம் என்று பெயராகப் போடுங்கள், வேறு பலகை வந்தால் ஒரே இடத்தில் எண்ணை மாற்றினால் எல்லாக் காடியும் தானே மாறிக்கொள்ளும் என்று அந்தப் பெண் தலைபாடாக அடித்துக்கொண்டாள். புரிந்தது. ஆனால் பத்தொன்பது வருஷமாக எந்தச் சாமான் வந்தாலும் வெர்னியர் வைத்து அளந்து, வந்த எண்ணை ரிஜிஸ்டரில் எழுதிய கை இது. எண்ணைக் கண்ணால் பார்க்காவிட்டால் இதற்கு நம்பிக்கை வராது.

அவரவர் இஷ்டத்துக்கு ஒரு பொருள் செய்யலாம் என்றார்கள், நான் அப்பாவுக்கு மாத்திரைப் பெட்டி செய்தேன். நடுவில் ஒரு தடுப்பு, ஒரு பக்கம் மதியத்துக்கு, மறுபக்கம் இரவுக்கு. விரலுக்குத் தெரியும்படி மதியத்து மூடியில் ஒரு கோடும் இரவு மூடியில் இரண்டு கோடும் லேசரால் கீறினேன். மூன்று மில்லிமீட்டர் பலகையில் பலமுறை செய்து பார்த்தேன், குறையே இல்லை. பரீட்சையன்று அதை நடத்த வெளியிலிருந்து வந்தவர் நாலு மில்லிமீட்டர் பலகையைக் கொடுத்தார். நான் நம்பாமல் மூன்று இடத்தில் அளந்தேன், மூன்று புள்ளி எட்டுதான் இருந்தது. அதைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். எண்ணை மாற்றினேன், வெட்டினேன், நாலு சுவரும் அடிப்பலகையும் ஒரு தட்டில் உட்கார்ந்தன. நடுத்தடுப்பு மட்டும் போகவில்லை. முதல் வாரத்தில் செய்த காடி அது, அந்த ஓரிடத்தில் மட்டும் கனம் என்று போடாமல் மூன்று என்றே அடித்து வைத்திருக்கிறேன். மூன்று மில்லிமீட்டர் பலகையிலேயே வெட்டிக்கொண்டிருந்தால் அது எப்படித் தெரியும்? அப்போதாவது கையைத் தூக்கித் தப்பைச் சொல்லி, அளவைத் திருத்தி வெட்டியிருக்கலாம். பழக்கதோஷம், பையிலிருந்த அரத்தை எடுத்துத் தடுப்பின் ஓரத்தைத் தேய்த்துச் சொருகிவிட்டேன். அவர் பெட்டியைக் கவிழ்த்து ஒரு குலுக்குக் குலுக்கினார், தடுப்பு மேஜையில் விழுந்தது. அரம் பிடிக்கத் தெரியுமான்னு நான் கேக்கலையேம்மா என்றார். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் குத்துகிறது. ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதலாமாம். அதுவரை கிளை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து போக வேண்டும்.

அப்பாவிடமும் மறைத்தேன். பெட்டியை மட்டும் கையில் கொடுத்தேன். சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார், உள்ளே விரலை விட்டார், இந்தத் தடுப்பு ஆடுதே, பரீட்சையில இதுலதான் போச்சா என்று கேட்டார். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது அப்போது வந்துவிட்டது, அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பசை கூடாது என்பது பரீட்சைக்குத்தானே, வீட்டுக்கு இல்லையே என்று அவரே சொல்லி, இரண்டு பேருமாகத் தடுப்பை ஒட்டிவிட்டோம். நான் சமாளிச்சுக்குவேன், நீ போயிட்டு வா என்கிறார். ஆனால் உன்னிடம் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. போன மாதம் ஒரு நாள் வேலை மும்முரத்தில் நான் மதியம் வர முடியவில்லை. இரவு மாத்திரையையும் சேர்த்து மதியமே போட்டுக்கொண்டு, தலைசுற்றிக் குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வரும்வரை நாலு மணி நேரம் அங்கேயேதான். வேலையை விட்டுவிட்டு இரண்டு பேரும் என்னிடமே வந்துவிடுங்கள் என்று நீ சொல்லப் போகிறாய். உன் நல்ல மனசு தெரியும். இந்த வீட்டில் கட்டிலிலிருந்து அடுப்படிக்குப் பதினொரு எட்டு என்று அவருக்குத் தெரியும். இங்கே அவருக்குக் கண் பாதிதான் போயிருக்கிறது, உன் வீட்டுக்கு வந்தால் முழுக்கப் போய்விடும். நானும் களைத்துத்தான் போயிருக்கிறேன், ஆனால் அதை மட்டும் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். தினமும் இங்கே மதியம் ஒரு மணிக்கு நீ அப்பாவைக் கூப்பிட வேண்டும். உனக்கு அது விடிந்தும் விடியாத நேரம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். நீயும் அப்பாவும், நல்லா இருக்கீங்களா என்பதற்கு மேல் பேசி வருஷக்கணக்காகிறது. நீ உடனே அம்மாகிட்ட குடுங்க என்பாய், அவரும் அதற்காகவே காத்திருந்த மாதிரி போனை என்னிடம் நீட்டிவிடுவார். இனி அந்த நேரத்தில் வாங்கிக்கொள்ள இங்கே நான் இருக்க மாட்டேன். என்ன பேசுவது என்று தவிக்காதே, ஒற்றைக் கோட்டு மாத்திரையைப் போட்டீங்களாப்பா என்று மட்டும் கேள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

நோய்நொடி இல்லாமல், மனக்கவலை இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் என்றும் உன்னோடு உண்டு. தலைக்கு எண்ணெய் வை, கண்டதையும் வாங்கிச் சாப்பிடாதே. முதல் தேதியை மறக்காதே. மணி அடித்ததும் அவரால் எடுக்க முடியாது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வர வேண்டும். எடுக்கவில்லையே என்று வைத்துவிடாதே.

என்றும் உன் நினைவில்,
அம்மா