ஆறாம் விதி: கவசத்தைத் தனியாக மாட்ட முடியாது

ஜூலை 4, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கரமனை ஆறு செம்மண் நிறமாகிவிட்டது என்று அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். எனக்கு ஜன்னல் வழியே பக்கத்து வீட்டு வாழை மட்டும்.

பெல்ட் மாட்டி இன்றோடு ஐம்பத்தெட்டு நாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முதுகெலும்பில் ஒரு எலும்பு நசுங்கியதற்கு இந்தத் தண்டனை. முதுகுக்கு இரண்டு இரும்புப் பட்டை, தோளுக்கு இரண்டு வார், நெஞ்சுக்கு ஒன்று, வயிற்றுக்கு இரண்டு. பெயர்தான் பெல்ட். டாக்டர் ஒன்பது வாரம் என்றார். வெள்ளிக்கிழமையோடு ஒன்பது. அதை நினைத்துத்தான் ஒவ்வொரு நாளையும் தள்ளுவது.

மூன்று மணிக்கு சுப்புவும் ஷீபாவும். ஆபீஸில் என் பக்கத்து சீட்டுக்காரர்கள். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் இதே விளையாட்டு. நான் கதையை நடத்துபவள், அவர்கள் அதற்குள் ஆட்கள். ஷீபாவுக்கு இரும்புக் கவசம் போட்ட வீரன், சுப்புவுக்கு மந்திரவாதி. ஃபோட்டோஸ்டாட் எடுத்த விதிப் புத்தகம், சுப்புவின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த இருபது முகப் பகடை. அம்மாவுக்கு இது "ஒங்க கதாகாலட்சேபம்".

இன்று என் புது விதிகளை இறக்கினேன். புத்தகத்தில் இருப்பது சுத்த அபத்தம். சாக்கு அரிசியும் இரும்புச் சட்டையும் அதற்கு ஒன்றுதான். எடையைக் கூட்டு, கூடிப்போனால் நடை மெதுவாகும், அவ்வளவே. எழுதியவன் ஒரு நாளாவது இரும்பைக் கட்டிக்கொண்டு புட்டும் கடலையும் தின்றிருக்க மாட்டான்.

என் விதிகள்:
1. எடை பெரிய விஷயமில்லை. உடம்பெல்லாம் பரவினால் பழகிவிடும்.
2. புழுக்கம். மழைக்காலத்தில் இரட்டிப்பு.
3. கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்க ஒரு முழு ஆட்டம் செலவு.
4. வயிறு நிறையத் தின்றால் மூச்சு பாதி.
5. அரிப்பு. தினம் ஒரு தடவை பகடை. தோற்றால் வேறெதிலும் புத்தி போகாது.
6. தனியாக மாட்ட முடியாது.

ஷீபாவுக்குக் கோபம், மலையாளம் தூக்கலாக வந்தது. அவள் வீரன் இரண்டு வருடமாக இரும்போடு நீந்துகிறான், மலை ஏறுகிறான், தூங்குகிறான்.

"எடி, இது களியா சிட்சையா?" விளையாட்டா தண்டனையா என்கிறாள்.

"ரியலிசம்னா அப்படித்தான் இருக்கும்," என்றான் சுப்பு. "நேக்கென்ன, என் மந்திரவாதிக்கு வேஷ்டிதானே."

"அப்போ கவசம் ஆரு மாட்டித் தரும்?"

சேவகன் ஒருவனை வைத்துக்கொள் என்றேன்.

"அவனுக்குக் களைப்பு உண்டா?"

"அவன் எதைச் சுமக்கிறான்? பூஜ்யம்."

சுப்பு அதையும் எழுதிக்கொண்டான். ஸ்ரீவராகத்து அக்ரகாரத்துப் பிள்ளை, எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டான். அம்மா உளுந்துவடைத் தட்டை வைத்துவிட்டுப் போனாள். நான் ஒன்றே கால் வடை. நான்காம் விதி.

ஜூலை 6, செவ்வாய்

மழை. துவைத்த பனியன் எதுவும் காயவில்லை. ஈரப் பனியனுக்கு மேல் பெல்ட். கடவுளே.

வழக்கம் போல காலை ஐந்து நாற்பதுக்கு அம்மா. ராத்திரி கழற்றியதைப் படுத்தபடிதான் மாட்ட வேண்டும். என்னை ஒருக்களித்து உருட்டி, பட்டையை முதுகுக்கு வைத்து, திரும்ப மல்லாத்தி, ஐந்து வாரையும் ஒவ்வொன்றாக இழுத்துக் கொக்கியில் போடுவாள். அம்மா ஐந்தரைக்கு மேல் படுத்து நான் பார்த்ததே இல்லை. காய்ச்சலானாலும் சரி, தீபாவளி மறுநாளானாலும் சரி.

இன்று நெஞ்சு வாரை இழுக்கும்போது "ஸ்ஸ்" என்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. மூச்ச விடு, இழுக்கட்டும்."

வலது கட்டை விரல். அடியில் நெல்லிக்காய் அளவு வீக்கம். மடக்கினால் திரும்ப நிமிரவில்லை, இடது கையால் பிடித்து நிமிர்த்துகிறாள். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "இப்பந்தான்" என்றாள். பொய். காபி டம்ளரை இடது கையில் பிடிக்கிறாள், வடைத் தட்டையும் இடது கையில்தான் கொண்டுவந்தாள். அறுபது நாளாக என் அரிப்பை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

விதித் தாளை எடுத்து, சேவகன் களைப்பு "பூஜ்யம்" என்பதை அடித்தேன். பதிலுக்கு என்ன எண் போட என்று தெரியவில்லை.

ஜூலை 9, வெள்ளி

எக்ஸ்ரே. இரண்டு மணி நேரம் பெஞ்சில். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எலும்பு கூடிவருகிறது, ஆனால் போதாது.

"இன்னும் ஒரு ஆறு வாரம்."

நான் அழுதுவிட்டேன், அந்த ஆள் முன்னாலேயே. பெல்ட்டோடு அழுவது தனிக் கஷ்டம், விசும்ப இடமில்லை.

திரும்பும்போது ஆட்டோ கிள்ளிப்பாலம் தாண்டியதும் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்ப அண்ணன் வீட்டுக்கு நான் போகல."

ஜூலை 10, சனி

முதுகு வலி. சண்டை.

புதன்கிழமை நாகர்கோவிலில் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். விடியற்கால முகூர்த்தம், அதனால் முந்தின நாளே போய்ச் சேர வேண்டும். மாமா அத்தைக்குத் திரும்பத் தாலி கட்டுவார். முதல் முடிச்சு அவருடையது, மற்ற இரண்டும் கூடப்பிறந்தவள் போட வேண்டியது. அம்மா ஒரே தங்கை. முப்பத்து மூன்று வருடம் முன்னாலும் அவள்தான் போட்டாள். ஒன்பது வாரக் கணக்கை நம்பி அரக்குப் பட்டுக்கு பிளவுஸ் கூடத் தைத்து வைத்திருக்கிறாள்.

காலையில் மாமாவின் போன். இந்தப் பக்கம் மட்டும் கேட்டது.

"இல்லண்ணே... பிள்ளைய விட்டுட்டு எப்பிடி வர... ஒரு நாள்தான், ஆனா காலம்பற பெல்ட் யாரு போடுவா... அவ அப்பாவ வச்சுப் பண்ணுக காரியமா அது... பெரியம்ம மக சரோஜா இருக்கால்லா, அவ போடட்டும்... மனசுல ஒண்ணும் வைக்காதீங்க."

போனை வைத்துவிட்டு, கழுவி வைத்த இட்லித் தட்டை எடுத்துத் திரும்பக் கழுவினாள்.

நான் கத்தினேன். போ, ஒரு வேளைக்கு ஷீபா வந்து மாட்டிவிடுவாள் என்று.

"பக்கத்து வீட்டு சித்ரா மதினி ஒரு நாளு மாட்டுன கத மறந்து போச்சா? லூஸா போட்டு ரெண்டு நாளு கெடந்து அலறுனியே."

"ஷீபா அப்படி இல்லம்மா."

"நல்ல பிள்ளதான். ஆனா இது ஒங்க வெளையாட்டு இல்ல, மக்ளே."

அப்பா பேப்பருக்குப் பின்னால். மாமாவுக்கும் அவருக்கும் பேச்சில்லை, எப்படியும் அவர் போகப்போவதில்லை. இருந்தும், "நீ போயிட்டு வா, லெட்சுமி" என்றார். அம்மா காதில் வாங்கவில்லை.

என்னால்தான். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

ஜூலை 11, ஞாயிறு

மழை விட்டது. விளையாட மனசில்லை, ஆனால் அவர்கள் வந்துவிட்டார்கள். ஷீபா விழிஞ்ஞத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், திருப்பி அனுப்ப முடியுமா?

கதையில் விடியற்காலை. எதிரிகள் ஆற்றைக் கடக்கிறார்கள். வீரனின் சேவகனை போன வாரமே தூது அனுப்பியாயிற்று. கூடாரத்தில் வீரனும் கவசமும் மட்டும். ஷீபா மாட்டிக்கொள்கிறேன் என்றாள்.

"முடியாது. ஆறாம் விதி."

"ஆரு எழுதினது?"

"நான்தான்."

"டெஸ்ட் செஞ்சோ?"

ஆபீஸில் என் உத்தியோகமே அது. எவன் எந்த சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்தாலும் நம்பாமல், தட்டி, உடைத்துப் பார்ப்பது. அறுபத்தைந்து நாளாக அம்மா ஐந்து நாற்பதுக்கு வருகிறாள், நான் மல்லாந்து கிடக்கிறேன். அம்மா வந்ததால் தனியாக முடியாது என்று நானே முடிவு கட்டி, அதற்கு நம்பர் வேறு போட்டு, ஊரான் வீரனையும் கூடாரத்தில் உட்கார வைத்துவிட்டேன்.

"இல்லை," என்றேன்.

ஷீபா பகடையைக் கீழே வைத்தாள். "அப்போ இன்னைக்கு களி இங்கே நிக்கட்டும். நீ செஞ்சு நோக்கிட்டுப் பற." செய்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டுமாம்.

"பேஷ்," என்றான் சுப்பு. "மொதல் தடவையா ஒன் விதியிலயே ஒரு தப்பு, ஒரு பக்." அவனுக்கு உதை விடக் காலைத் தூக்க முடியவில்லை.

ஜூலை 12, திங்கள்

ஒன்பதரைக்கு பிசியோதெரபிக்காரிக்குப் போன். பெல்ட்டைத் தனியாக மாட்டலாமா?

"மாட்டலாமே! படுத்துட்டே மாட்டணும், முதுகை வளைக்கக் கூடாது, அவ்வளவுதான். அம்மா இருக்காங்களேன்னு நான் சொல்லலை. நீங்களும் கேக்கலை."

நீங்களும் கேட்கவில்லை. நல்லா வேணும் எனக்கு.

கதவைத் தாழிட்டு, படுத்தபடியே கழற்றி:

முதல் தடவை. வலப்பக்க வார் முதுகுக்கு அடியில் போய்விட்டது. தோல்வி.
இரண்டாவது. நாற்பத்தொரு நிமிடம். தோள் வார் நுனி எட்டவே இல்லை. பாவாடை நாடாவை அதில் கட்டி இழுத்தேன், வந்தது.
மூன்றாவது. இடப்பக்கம் முழுவதையும் முன்னாலேயே கொக்கியில் போட்டு, பட்டையைப் படுக்கையில் விரித்து, அதன்மேல் உருண்டு... இருபத்தாறு நிமிடம். வியர்வையில் தலையணை நனைந்தது. வலி இல்லை!

"உள்ள என்னட்டி உருட்டுக?" அம்மா கதவுக்கு வெளியே.

"எக்சர்சைஸ்."

சாயங்காலம் கை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி. இத்தனைக்கும் இழுத்தது மூன்றே தடவை.

ஜூலை 13, செவ்வாய்

ஐந்து நாற்பதுக்கு அம்மா வந்தபோது, "உட்கார். தொடாதே. பார்," என்றேன்.

கட்டில் ஓரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்தொன்பது நிமிடம். இரண்டு தடவை கை தானாக வந்தது, பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். முடிந்ததும் ஒவ்வொரு வாருக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தாள்.

"நெஞ்சு வார இன்னும் ஒரு ஓட்ட இழுக்கணும்."

இழுத்தேன்.

"ம்."

அவ்வளவுதான். எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். மதியம் அரக்குப் பட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, "ரசம் அடுப்புல இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டாள்.

சந்தோஷமா, வருத்தமா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இனி என் கை இவளுக்கு வேண்டாம் என்று நினைத்துவிட்டாளோ? நாள் பூராவும் அதே ரோதனை. அப்பா ரசத்தைக் கொதிக்கவிட்டுக் கெடுத்தார்.

ஜூலை 14, புதன்

பதினேழு நிமிடம். நெஞ்சு வார் ஒரு ஓட்டை கூடுதல்.

எட்டரைக்குப் போன். பின்னால் நாதஸ்வரம், யாரோ பந்தியில் அப்பளம் கேட்கிற சத்தம்.

"போட்டியா?"

"போட்டாச்சு. நீ?"

"நானும் ரெண்டு முடிச்சும் போட்டாச்சு."

"விரல் மடங்குச்சா?"

"எங்க மடங்குச்சு. இடது கையால போட்டேன்."

"இடது கையாலயா!"

"வலது கை சும்மா பிடிச்சிட்டு இருந்துது. யாரு பாத்தா? எல்லாரும் அரிசி எறியதுல இருந்தாவ." பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணன் அழுதுட்டாரு, கேட்டியா. அந்தாலே நானும்."

எனக்கும் வந்தது. விசும்ப இடமில்லாததால் சிரித்துச் சமாளித்தேன்.

ஆறாம் விதியைத் திருத்தி ஷீபாவுக்குப் போனில் சொன்னேன்: தனியாக மாட்டலாம், ஆனால் எதிரி பதினேழு நிமிடம் பொறுக்க வேண்டும். "பொறுக்கும்," என்றாள். "ஆறு நிறைய வெள்ளமல்லே?"

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா வந்தாள். பையில் முறுக்கு, லட்டு, மாமா கொடுத்த புடவை. பயந்துகொண்டே கேட்டேன்: "நாளைக்கு நீ மாட்டுறியா, நானே மாட்டவா?"

"நீயே மாட்டு, தாயே. அறுவது நாளா விரல் விண்ணு விண்ணுன்னு தெறிக்கு."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை! நான் இரண்டு நாளாக அவள் மனசு நோகுமே என்று செத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் சுருக்கென்றது, பொய் சொல்வானேன்.

ஜூலை 15, வியாழன்

நல்ல வெயில். பதினாறு நிமிடம்.

ஆறு மணிக்கு அடுக்களை இருட்டு. என்னவோ என்று பதறிப் போனால், அப்பா நடுவில் நின்று வாயில் விரல் வைத்தார். அம்மா தூங்குகிறாள். வலது கை போர்வைக்கு வெளியே, கட்டை விரலில் எண்ணெய்த் துணி.

காபித்தூள் டப்பா கீழ்த்தட்டில். மூன்றாம் விதி. அப்பா எடுத்துக் கொடுத்தார், நான் கலந்தேன், சுமார்தான். பால்காரன் மணி அடிக்கக் கை தூக்குவதற்குள் அப்பா ஓடிப்போய்த் தடுத்துவிட்டார்.

ஏழு மணி.

ஏழு இருபது. இன்னும் எழும்பவில்லை.