இனிஷியல் மாறிய செல்வி

14-12-98, திங்கள்

விடாத தூறல். ராஜகீழ்ப்பாக்கம் ஸ்டாப்புல பஸ் நிக்காம போச்சு. தாம்பரம் ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள புடவையெல்லாம் சேறு.

வாங்கணும்: குடை, சேஃப்டி பின், அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

காலைல அப்பா: "சனிக்கிழமைக்குள்ள ஆபீஸ்ல வேலைய விடறேன்னு சொல்லிடும்மா. தை பொறந்ததும் கல்யாணம். அப்புறம் வேலைக்கு அனுப்ப மாட்டோம்னு மாப்பிள்ளை வீட்ல சொல்லிட்டேன்." என்னைக் கேட்டாரா? இல்ல. நானும் கேக்கல. இட்லியை முழுங்கிட்டுக் கிளம்பினேன்.

ஆபீஸ்ல நான் எழுதற ப்ரோக்ராம்: தோல் ஃபேக்டரிக்கு வருகைப் பதிவு, ஜாவா மொழியில. இனிஷியலும் பேரும் ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒரே ஆள்னு ஈக்வல்ஸ்ங்கற விதி எழுதியாச்சு. ஆனா டேபிள்ல நானே போட்ட ஆளைத் தேடினா "இல்லை"ங்குது. சனியன்.

15, செவ்வாய்

பக்கத்து சீட் பாஸ்கர் எட்டிப் பார்த்தான். "சமம்னு சொல்லிட்டா ஆச்சா? ஹாஷ் கோடை யாரு எழுதுவா, உங்க மாமியாரா?" அந்தப் பேச்சை எடுக்காதேன்னேன்.

விஷயம் இதான். டேபிள், தபாலாபீஸ்ல லெட்டர் பிரிச்சுப் போடற அலமாரி மாதிரி. ஹாஷ் கோடுங்கற நம்பர் எந்த அறையோ அங்க வைக்கும், தேடறப்பவும் அந்த ஒரு அறையைத்தான் பார்க்கும். சமமான ரெண்டுக்கும் ஒரே நம்பர் வரணும்; நான் எழுதாததால வேற வேற நம்பர் வந்திருக்கு. இனிஷியல், பேர் ரெண்டையும் வெச்சு நம்பர் வர்ற மாதிரி எழுதினேன். ஓடுது.

படப்பைலேர்ந்து ரகு போன். மாப்பிள்ளை. "வீட்ல இருந்தா நிம்மதிதானே உனக்கு?" ம்-னேன்.

16, புதன்

குரோம்பேட்டை ஃபேக்டரி, முதல் நாள் ஓட்டம். மானம் போச்சு.

தையல் செக்‌ஷன் செல்வி. போன வாரம்தான் கல்யாணம், கழுத்துல புது மஞ்சக் கயிறு. காலைல ப்ரோக்ராம் ஓடிட்டிருக்கும்போதே கிளார்க் அவ இனிஷியலை அப்பா பேர் மா.வுலேர்ந்து புருஷன் பேர் கு.வுக்கு மாத்திட்டார். மத்தியானம் வெளிய போய்ட்டு வந்தவளை கேட்ல விடல. கு. செல்வி போட்டா இல்லை. மா. செல்வி போட்டாலும் இல்லை.

வாட்ச்மேன்: "கம்ப்யூட்டர்ல நீ இல்லம்மா."

செல்வி என்கிட்ட: "இன்னாக்கா இது? இங்கதான நின்னுகினு கீறேன்."

மொத்த டேபிளையும் வரிசையா பிரின்ட் எடுத்தா உள்ளதான் இருக்கா. தேடினா மட்டும் கிடைக்கல.

17, வியாழன்

தலைவலி. பஸ்ல ஜன்னல் சீட், அதிசயம்.

புரிஞ்சுபோச்சு. செல்வியைப் பழைய இனிஷியல் நம்பர்ப்படி ஒரு அறையில வெச்சாச்சு. இனிஷியல் மாறினதும் நம்பரும் மாறிடுச்சு, ஆனா அவ பழைய அறையிலயே. புதுப் பேர்ல தேடினா வேற அறைக்குப் போகுது. பழைய பேர்ல தேடினா அறை சரி, ஆனா உள்ள இருக்கறவ கு., அதனால இவ இல்லைன்னுடுது. மாறக்கூடிய எதையும் வெச்சு ஹாஷ் கோடு எழுதக்கூடாது.

பாஸ்கர் எழுதிருந்தா மன்னிச்சிருப்பேன். அவன் இனிஷியல் சாகறவரைக்கும் அதேதான். அடுத்த மாசம் ச. போய் ர. ஆகப்போறவ நான். எனக்கு எப்படித் தோணாம போச்சு? பாத்ரூம்ல போய் அழுதேன்.

18, வெள்ளி

ஈக்வல்ஸ், ஹாஷ் கோடு ரெண்டையும் டோக்கன் நம்பருக்கு மாத்தினேன். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்குக் குடுத்த பித்தளை டோக்கன், கடைசி வரைக்கும் மாறாது. ஃபேக்டரிக்குப் போய், ப்ரோக்ராம் ஓடும்போதே இனிஷியலை மாத்திப் பார்த்தோம். செல்வி டோக்கனைக் காட்டிட்டு உள்ள போனா, என் பக்கம் திரும்பக்கூட இல்ல.

சாயங்காலம் எங்க ஆபீஸ் ஓனர் சார்: "கல்யாணத்துக்கப்புறமும் வருவீங்கல்ல?"

"வருவேன் சார்." வாய் முந்திக்கிச்சு.

19, சனி

வெயில். துணி காயுது.

அப்பா: "சொல்லிட்டியா?"

"வேலைக்கு வருவேன்னு சொல்லிட்டேம்பா."

திட்டல. திட்டியிருக்கலாம். சட்டையை மாட்டிக்கிட்டு ஹாலுக்குப் போனார். டயல் சுத்தற சத்தம், படப்பைக்குத்தான். அம்மா குக்கரை அணைச்சிட்டா, காது கேக்கணுமாம்.

"...இல்லீங்க, நான் சொன்னது வாஸ்தவம்தான்... இதோ, அவளே பேசுவா."

என்னைக் கூப்பிடறார்.